போர்க்கால இங்கிலாந்தின் ஆண்கள் விடுதிப் பள்ளிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் நடந்த 1939 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஆண்கள் விடுதிப் பள்ளிகளில் அன்றாட வாழ்க்கை எவ்வாறு இருந்தது, வெளியுலகச் செய்தி அந்த மதில்களுக்குள் எவ்வழியாக வந்து சேர்ந்தது என்பது குறித்து வாசகர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன.

இங்கே பேசப்படுபவை எந்த வகைப் பள்ளிகள்?

கட்டணம் பெற்று நடத்தப்பட்ட தனியார் உறைவிடப் பள்ளிகள். வசதியுள்ள குடும்பத்துச் சிறுவன் 8 வயதளவில் ஆயத்தப் பள்ளியில் சேர்க்கப்படுவான். 13 வயதில் ஈட்டன், ஹாரோ, மால்வர்ன் போன்ற ஒரு பெரிய பள்ளிக்குச் சென்று 18 வயது வரை அங்கே தங்கிப் படிப்பான். மாணவர்கள் பல இல்லங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பார்கள். ஒவ்வோர் இல்லத்துக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பாளராக இருந்து, பெற்றோரின் இடத்திலிருந்து அவர்களைக் கவனித்துக்கொள்வார். நாட்டுச் சிறுவர்களில் மிகச் சிறிய பகுதியினரே இப்பள்ளிகளில் படித்தார்கள் என்பதால், இங்கே சொல்லப்படுவதை அக்காலத்துப் பிரிட்டிஷ் சிறுவர் அனைவரின் கதையாகவும் எடுத்துக்கொள்ளலாகாது.

போர் அறிவிக்கப்பட்டதும் பள்ளிகள் மூடப்பட்டனவா?

மூடப்படவில்லை. 1939 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை காலை 11.15 மணிக்குப் பிரதமர் சேம்பர்லின் வானொலியில் போர் அறிவிப்பை வெளியிட்டபோது பள்ளிகள் கோடை விடுமுறையில் இருந்தன. அடுத்த பருவம் தொடங்குவதற்குள் ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் முன்னால் நின்ற பெரிய வேலை இருட்டடிப்பு. செப்டம்பர் 1 முதலே நாடு முழுவதும் இரவில் ஒரு கீற்று வெளிச்சமும் வெளியே தெரியக் கூடாது என்ற கட்டளை நடைமுறைக்கு வந்துவிட்டது. சாதாரண வீட்டில் பத்து ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி தைத்தால் போதும். விடுதிப் பள்ளியிலோ படுக்கைக்கூடம், உணவுக்கூடம், நூலகம், மாடிப்படி என நூற்றுக்கணக்கான ஜன்னல்கள் இருந்தன. சிற்றாலயத்தின் உயரமான வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை மறைக்க வழியே இல்லாததால், குளிர்காலத்தில் மாலை வழிபாட்டைப் பொழுது சாய்வதற்குள் முடித்துக்கொள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் ஏற்பட்டது. ஒவ்வொரு நாளும் அந்தி நேரத்தில் ஜன்னல்களை மூடிச் சரிபார்ப்பது மாணவர்களின் முறைப்பணியாகிவிட்டது.

பள்ளிகள் ஏன் இடம்பெயர்ந்தன? எங்கே சென்றன?

இரண்டு காரணங்கள் உண்டு. சில பள்ளிகள் ஆபத்தான இடத்தில் இருந்தன. வேறு சிலவற்றின் கட்டடங்கள் அரசுக்குத் தேவைப்பட்டன. கிராமப்புறத்தில் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்த பள்ளிகளே இரண்டாவது காரணத்தால் அதிகம் அலைக்கழிக்கப்பட்டன என்பதுதான் வேடிக்கை.

மால்வர்ன் கல்லூரியின் கதை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. (இங்கே கல்லூரி என்பது பெயரில் மட்டுமே, நடத்தப்பட்டது பள்ளிதான்.) போர் தொடங்கியவுடன் கடற்படைத் தலைமையகம் அதன் வளாகத்தைக் கையகப்படுத்தியதால், மாணவர்கள் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள பிளெனம் மாளிகைக்கு மாற்றப்பட்டார்கள். மார்ல்பரோ பிரபுவின் அரண்மனை அது; சர்ச்சில் பிறந்த இடமும் அதுவே. திரைச்சீலைகளும் ஓவியங்களும் நிறைந்த அரச அறைகளில் இரும்புக் கட்டில்கள் வரிசையாகப் போடப்பட்டன. அரண்மனை வாசம் என்றால் சுகம் என்று நினைக்க வேண்டியதில்லை. 1940 ஜனவரியில் பல பத்தாண்டுகள் காணாத கடுங்குளிர் இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு உயரமான கூரையுள்ள அறைகளைச் சூடேற்ற எந்தக் கணப்பாலும் இயலவில்லை. 1940 கோடையில் பள்ளி சொந்த இடத்துக்குத் திரும்பியது. ஆனால் 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படையினர் பிரான்சின் புருனெவாலில் இறங்கி ஜெர்மானிய ராடார் கருவியின் பாகங்களைத் தூக்கி வந்தபோது, அதற்குப் பதிலடியாகத் தென்கடற்கரையில் ஸ்வானேஜ் நகரிலிருந்த பிரிட்டனின் சொந்த ராடார் ஆய்வுக்கூடம் தாக்கப்படலாம் என்ற அச்சம் எழுந்தது. ஆய்வுக்கூடத்தை உள்நாட்டுக்கு மாற்ற மால்வர்ன் வளாகமே தேர்ந்தெடுக்கப்பட்டது. மறுபடியும் சில வார அவகாசத்தில் மூட்டை கட்டிய மாணவர்கள் ஹாரோ பள்ளிக்குச் சென்று, 1946 வரை அங்கேயே விருந்தாளிகளாக இருந்தார்கள். லண்டனுக்கு அருகில் இருந்ததால் ஹாரோவில் மாணவர் எண்ணிக்கை குறைந்து இல்லங்கள் காலியாகக் கிடந்தன. அதனால்தான் இன்னொரு முழுப் பள்ளிக்கு அங்கே இடம் கிடைத்தது.

லண்டனின் செயின்ட் பால்ஸ் பள்ளி 1939லேயே பெர்க்‌ஷயரின் குரோதோர்னுக்கு நகர்ந்தது. அதன் காலியான கட்டடத்தில் பின்னாளில் ஜெனரல் மாண்ட்கோமரி தம் தலைமையகத்தை அமைத்தார்; அவர் அப்பள்ளியின் பழைய மாணவர். 1944 மே 15 அன்று மன்னர் ஆறாம் ஜார்ஜும் சர்ச்சிலும் அமர்ந்திருக்க, நார்மண்டி படையெடுப்பின் இறுதித் திட்டம் விளக்கப்பட்டது அந்தப் பள்ளியின் விரிவுரைக்கூடத்தில்தான். மாணவர்கள் அப்போது பல மைல்களுக்கு அப்பால் லத்தீன் வினைச்சொற்களை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி சசெக்ஸ், எக்ஸிடர் எனச் சுற்றிவிட்டு ஹியர்ஃபோர்ட்ஷயரின் புரோம்யார்ட் பகுதியில் போர் முடியும் வரை தங்கியது. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்து தென்கிழக்குக் கடற்கரையே முன்னணிக் களமாக மாறியபோது, ஈஸ்ட்போர்ன் கல்லூரி ராட்லி பள்ளிக்கும், கேன்டர்பரியின் கிங்ஸ் பள்ளி கார்ன்வாலில் ஒரு கடலோர விடுதிக்கும் சென்றன. பிரிஸ்டல் மீது நடந்த பெருங்குண்டுவீச்சுக்குப் பின் கிளிஃப்டன் கல்லூரி 1941ல் கார்ன்வாலின் பியூட் என்ற ஊரில் தஞ்சம் புகுந்தது; 1943 அக்டோபர் முதல் அதன் பிரிஸ்டல் வளாகத்தில் ஜெனரல் பிராட்லியின் அமெரிக்க முதலாம் ராணுவத்தின் தலைமையகம் இயங்கியது.

போர்ச் செய்திகள் மாணவர்களை எவ்வாறு எட்டின?

முதலில் வானொலியைச் சொல்ல வேண்டும். இரவு 9 மணி பிபிசி செய்தியைக் கேட்பது நாடு முழுவதும் ஏறக்குறைய ஒரு சடங்காக இருந்தது. 1940 நவம்பர் முதல் அதற்கு முன்னால் பிக் பென் மணியோசையும் ஒலிபரப்பப்பட்டது. பள்ளியில் பொதுவாக இல்ல ஆசிரியரின் அறையிலோ மூத்த மாணவர்களின் பொது அறையிலோதான் வானொலிப் பெட்டி இருக்கும். சின்னப் பையன்கள் அந்நேரத்தில் படுக்கையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே செய்தி அவர்களை மூத்தவர்கள் வாய்வழியாக, மறுநாள் காலை முகம் கழுவும் இடத்தில், கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் வந்தடைந்தது. வதந்தி பிறப்பதற்கு இதைவிட வாகான ஏற்பாடு இல்லை. 1940 கோடையில், எதிரி வானொலி நிலையத்தைக் கைப்பற்றிப் பொய்ச் செய்தி பரப்பக்கூடும் என்ற எண்ணத்தில், செய்தி வாசிப்பவர்கள் முதல் முறையாகத் தங்கள் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். மக்கள் அந்தக் குரல்களைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

செய்தித்தாள்கள் நூலகத்தில் வைக்கப்பட்டன. காகிதத் தட்டுப்பாட்டால் பெரும்பாலான நாளிதழ்கள் நான்கு பக்கங்களாகச் சுருங்கிவிட்டதால், போருக்கு முன் கிரிக்கெட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடம் சில வரிகளுக்குக் குறைந்தது. சிறுவர்களுக்கு அது ஒரு பெரிய குறை. நாளிதழில் எது இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வானிலை முன்னறிவிப்பு போர் தொடங்கிய நாளிலிருந்து 1945 மே வரை வெளியிடப்படவில்லை. எதிரி விமானிகளுக்கு அது உதவக்கூடும். குண்டு விழுந்த ஊரின் பெயரும் பெரும்பாலும் மறைக்கப்பட்டு, 'தென்கிழக்கிலுள்ள ஒரு நகரம்' என்றே அச்சாகும். ஆகவே அந்த ஒற்றை வரியைப் படித்த மாணவன் அது தன் வீடிருக்கும் ஊரா என்பதை அறிய, வீட்டிலிருந்து அடுத்த கடிதம் வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எதிரியின் ஒலிபரப்பும் கேட்கப்பட்டது. ஹாம்பர்க்கிலிருந்து ஆங்கிலத்தில் பேசிய வில்லியம் ஜாய்ஸை, 'ஹா-ஹா பிரபு' என்று பட்டப்பெயர் சூட்டி, நாட்டில் லட்சக்கணக்கானோர் கேட்டார்கள். அதைக் கேட்பது சட்டப்படி குற்றமல்ல. ஜெர்மனியில் லண்டன் ஒலிபரப்பைக் கேட்டவர்கள் சிறையிடப்பட்டதோடு ஒப்பிட்டால், இந்த ஒரு விஷயத்தில் பிரிட்டிஷ் அரசு நிதானம் காட்டியது என்றே சொல்ல வேண்டும். ஜாய்ஸின் மூக்கால் பேசும் பாணியை நடித்துக் காட்டும் பையன் எந்தப் படுக்கைக்கூடத்திலும் ஒருவனாவது இருந்தான்.

சுவரில் மாட்டிய வரைபடமும் செய்தியை அறிவிக்கும் கருவியாக இருந்தது. நார்வே, பிரான்ஸ், வடஆப்பிரிக்கா, 1941 ஜூனுக்குப் பின் ரஷ்யா என்று களம் மாற மாற, வண்ணத் தலை கொண்ட குண்டூசிகளும் நூலும் இடம் மாறின. ஐரோப்பாவின் புவியியலை எந்தப் பாடப்புத்தகமும் அவ்வளவு ஆழமாகப் பதித்திருக்காது.

மௌனத்தையும் ஒரு செய்தியாக எண்ணலாம். 1940 ஜூனில் தேவாலய மணிகளை அடிக்கக் கூடாது என்று அரசு ஆணையிட்டது. மணி ஒலித்தால் எதிரியின் வான்குடைப் படை இறங்கிவிட்டது என்று பொருள். வடஆப்பிரிக்காவின் எல் அலமெய்னில் கிடைத்த வெற்றியைக் கொண்டாட 1942 நவம்பர் 15, ஞாயிற்றுக்கிழமையன்று மணிகள் மீண்டும் ஒலித்தன.

வீட்டுச் செய்தி எப்படி வந்தது?

ஞாயிறு காலையில் வீட்டுக்குக் கடிதம் எழுதுவது இப்பள்ளிகளில் பழைய வழக்கம். போர்க்காலத்தில் அதை ஒருவரும் கட்டாயப்படுத்த வேண்டியிருக்கவில்லை. உள்நாட்டுக் கடிதங்கள் ஓரளவு சீராக வந்தன. பெற்றோர் கடல் கடந்து இருந்தவர்களின் நிலை வேறு. இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகள், தோட்டத் துரைமார்கள், ராணுவத்தினர் ஆகியோரின் பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் கணிசமாக இருந்தார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி அடைபட்டு, அஞ்சல் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர வேண்டியதாயிற்று. ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் பருவமே முடிந்துவிடும். கப்பல் மூழ்கிவிட்டால் பதிலே வராது. 1941ல் தொடங்கப்பட்ட ஏர்கிராஃப் என்ற ஏற்பாடு இதற்கு ஓரளவு தீர்வானது. ஒரு பக்கத் தாளில் எழுதப்பட்ட கடிதத்தைப் புகைப்படச் சுருளில் மிகச் சிறிதாகப் படம் பிடித்து, அச்சுருளை விமானத்தில் அனுப்பி, சேருமிடத்தில் உள்ளங்கையளவு தாளில் மறுபடி அச்சிட்டுத் தருவார்கள். அம்மாவின் கையெழுத்து அப்படியே இருக்கும்; எறும்பளவு சிறுத்திருக்கும்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது மலாயாவில் தந்தை இருந்த மாணவர்கள் அறிந்ததெல்லாம், தந்தை இருந்த இடம் இப்போது ஜப்பானியர் கையில் இருக்கிறது என்பது மட்டுமே. அவர் உயிரோடு சிறைப்பட்டாரா, தப்பினாரா, இறந்தாரா என்பது பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும், தெரியவில்லை. வந்த செய்தியும் அச்சடித்த சில வாசகங்கள் கொண்ட ஓர் அஞ்சலட்டையாகவே இருந்தது.

இவற்றுள் மிகக் கடினமான நிலை, பிரான்ஸ் கரைக்கு அருகில் பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உட்பட்ட கர்ன்சி தீவின் எலிசபெத் கல்லூரி மாணவர்களுடையது என்று கருதுகிறேன். ஜெர்மானியர் 1940 ஜூன் 30 அன்று தீவைப் பிடிப்பதற்குச் சில நாட்கள் முன்னதாக, பள்ளி கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்து, டெர்பிஷயரின் கிரேட் ஹக்லோ என்ற மலைக்கிராமத்தில் குடியேறியது. பெற்றோரில் பலர் தீவிலேயே தங்கிவிட்டார்கள். சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்று எண்ணிச் சிறு பையோடு வந்த சிறுவர்கள் ஐந்தாண்டுகள் பிரிந்திருந்தார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே தொடர்பு செஞ்சிலுவைச் சங்கம் வழியாகச் செல்லும் செய்திப் படிவம். அதில் 25 சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது, குடும்பச் செய்தியைத் தவிர வேறெதையும் எழுதக் கூடாது. இரு தரப்புத் தணிக்கையையும் கடந்து அது போய்ச்சேரப் பல மாதங்கள் ஆகும். பதிலை அதே தாளின் பின்புறத்தில் எழுதி அனுப்புவார்கள். 25 சொற்களில் ஒரு சிறுவன் என்ன எழுதுவான்? தேர்வில் தேறியதையும், உடல்நலத்தையும், எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறான் என்பதையும் எழுதுவான். 1945 மே 9 அன்று தீவு விடுவிக்கப்பட்டபோது 10 வயதில் கிளம்பியவனுக்கு 15 வயதாகியிருந்தது. ஊர் திரும்பிய பிள்ளையைத் துறைமுகத்தில் அடையாளம் காணத் தடுமாறிய பெற்றோரும் உண்டு.

இறப்புச் செய்தி பள்ளியில் எவ்வாறு அறிவிக்கப்பட்டது?

தந்தையோ அண்ணனோ இறந்தால் தந்தி வீட்டுக்குத்தான் போகும். வீட்டிலிருந்து பள்ளிக்குத் தொலைபேசியிலோ கடிதத்திலோ தகவல் வரும். வகுப்பின் நடுவே ஒரு மாணவன் இல்ல ஆசிரியரின் அறைக்கு அழைக்கப்பட்டால் மற்றவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். பெரும்பாலான இடங்களில் ஒரு நாள் இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு வழக்கமான வகுப்பு, வழக்கமான விளையாட்டு. வெளிப்படையாக அழுவதை அந்தச் சூழல் அனுமதிக்கவில்லை. அதைத் திடமனம் என்று அன்று மெச்சினார்கள். அச்சிறுவர்களில் பலர் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளைப் படிக்கும்போது, அந்தக் கட்டுப்பாட்டுக்குக் கொடுத்த விலை சிறியதல்ல என்றே தோன்றுகிறது.

பழைய மாணவர்கள் இறந்தால் அவர்களுடைய பெயர்கள் சிற்றாலயத்தில் வாசிக்கப்படும். பின்னர் பள்ளி இதழில் அச்சாகும். காகிதக் கட்டுப்பாட்டால் இதழ் மெலிந்துகொண்டே வர, அதற்குள் இறந்தோர் பட்டியல் நீண்டுகொண்டே வந்தது. வாசிக்கப்பட்டவை தூரத்துப் பெயர்களல்ல. இரண்டாண்டுகளுக்கு முன் கால்பந்து அணித் தலைவனாக இருந்தவன், உணவுக்கூடத்தில் அடுத்த பலகையில் உட்கார்ந்தவன் ஆகியோருடைய பெயர்கள். குறிப்பாக விமானப் படையில் சேர்ந்தவர்களின் பெயர்கள் பள்ளியை விட்ட வேகத்திலேயே பட்டியலில் வந்து சேர்ந்தன. ஈட்டனின் பழைய மாணவர்களில் முதல் உலகப் போரில் 1,157 பேரும், இரண்டாம் உலகப் போரில் 748 பேரும் மாண்டார்கள். முதல் போரின் பெயர்கள் பொறிக்கப்பட்ட சுவர்களுக்கு அருகில் நடந்துதான் 1940களின் மாணவர்கள் தினமும் வகுப்புக்குச் சென்றார்கள். பாடம் நடத்திய மூத்த ஆசிரியர்களில் பலர் அந்தப் போரில் சண்டையிட்டு மீண்டவர்கள்.

சாப்பாடு எப்படி இருந்தது?

போதவில்லை என்பதுதான் எல்லாருடைய புகாரும். 1940 ஜனவரி 8 அன்று பன்றியிறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுக்குப் பங்கீடு தொடங்கியது. இறைச்சி, தேயிலை, ஜாம், பாலாடைக்கட்டி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. மாணவன் பருவத் தொடக்கத்தில் தன் ரேஷன் புத்தகத்தைப் பள்ளியில் ஒப்படைத்துவிடுவான். பெரும்பாலானவை பொதுச் சமையலுக்குள் போய்விடும். வெண்ணெயும் சர்க்கரையும் மட்டும் பல பள்ளிகளில் ஆளுக்குத் தனித்தனியாக, பெயர் ஒட்டிய சிறு கிண்ணத்திலோ ஜாடியிலோ வாரம் ஒருமுறை கொடுக்கப்பட்டன. வாரத்துக்கு வெண்ணெய் ஏறத்தாழ 57 கிராம். அதைத் திங்களன்றே ரொட்டியில் தாராளமாகத் தடவித் தீர்த்துவிட்டுப் பிறகு வெறும் ரொட்டி தின்பவன் ஒரு வகை. கத்தியால் ஏழு கோடு கிழித்து நாளொன்றுக்கு ஒரு துண்டு என்று சேமிப்பவன் இன்னொரு வகை. ஒருவனுடைய குணத்தை அறிய ஜாடியைப் பார்த்தால் போதும்.

ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் போர் முடியும் வரை பங்கீடு இல்லை. அதனால் வயிறு நிரம்பியது அவற்றால்தான். ரொட்டிக்குப் பங்கீடு வந்தது போருக்குப் பிறகு, 1946 ஜூலையில். மிட்டாய்க்கும் சாக்லேட்டுக்கும் 1942 ஜூலையில் வந்த கட்டுப்பாட்டைத்தான் சிறுவர்கள் ஹிட்லரின் மிகப் பெரிய அக்கிரமமாகக் கருதினார்கள்.

குண்டுவீச்சை எப்படி எதிர்கொண்டார்கள்?

பெரும்பாலான இரவுகளில் எதுவும் விழவில்லை. அபாயச் சங்கு ஊதியதும் போர்வையை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கி, தூக்கம் கலைந்து மேலே ஏறி வருவதே குண்டுவீச்சின் அன்றாட வடிவம். விழுந்த இடங்களில் சேதம் பெரிது. 1940 அக்டோபரில் வெலிங்டன் கல்லூரியின் தலைமை ஆசிரியர் ராபர்ட் லாங்டன் தம் இல்ல வாசலில் குண்டு வெடித்து இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஈட்டனில் விழுந்த குண்டுகளில் ஒன்று தாமதமாக வெடிக்கும் வகையைச் சேர்ந்தது. ஆட்கள் விலகிய பின் அது வெடித்ததில் பழைய கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து, பள்ளித் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகளில் பெரும்பகுதி நொறுங்கியது.

மாணவர்கள் நேரடியாகப் பங்கேற்றது தீக்காவலில். ஜெர்மானியத் தீக்குண்டு ஒன்றின் எடை சுமார் ஒரு கிலோதான்; ஆனால் அதன் மக்னீசிய உடல் பற்றிக்கொண்டால் கூரையைத் துளைத்து மரச்சட்டங்களை எரித்துவிடும். ஆகவே மூத்த மாணவர்கள் முறைவைத்து இரவில் கூரைமேல் காவலிருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை மணல் வாளி, நீண்ட பிடியுள்ள கரண்டி, கால்மிதிக் கைப்பம்பு. பம்பை இயக்க மூவர் வேண்டும்: ஒருவன் வாளிக்குள் நிற்கும் குழாயை அடித்துக்கொண்டே இருப்பான், ஒருவன் தண்ணீர் சுமப்பான், மூன்றாமவன் தரையில் குப்புறப்படுத்து ஊர்ந்து முனைக்குழலைப் பிடிப்பான், ஏனெனில் புகைக்குக் கீழே தரையை ஒட்டித்தான் மூச்சுவிடும்படியான காற்று இருக்கும். எரியும் குண்டின் மேல் தண்ணீரைத் தாரையாகப் பாய்ச்சினால் அது சிதறி வெடிக்கும். தூறலாகத் தெளிக்க வேண்டும். வேதியியல் ஆசிரியர்களுக்கு இதைவிடக் கவனமாகக் கேட்கும் வகுப்பு வாய்த்ததில்லை.

அன்றாட வேலைகளை யார் செய்தார்கள்?

போருக்கு முன் இச்சிறுவர்கள் தங்கள் படுக்கையைக்கூட மடித்ததில்லை. அதற்குப் பணிப்பெண்கள் இருந்தார்கள். அவர்கள் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும், தோட்டக்காரர்கள் படைக்கும் போய்விட்டதும், படுக்கை விரிப்பது, பாத்திரம் கழுவுவது, தரை துடைப்பது, நிலக்கரி சுமப்பது எல்லாம் மாணவர் தலையில் விழுந்தன. விளையாட்டு மைதானத்தின் ஒரு பகுதி உழப்பட்டு உருளைக்கிழங்கு நடப்பட்டது, முதன்மை ஆடுகளத்தை மட்டும் தொடாமல். கோடை விடுமுறையில் அறுவடை முகாம்களுக்குச் சென்று பண்ணைகளில் கூலிக்கு வேலை செய்தார்கள். 1941 முதல் கோடையில் கடிகாரம் கிரீன்விச் நேரத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டதால், ஜூன் மாதத்தில் இரவு 10 மணிக்கும் வெளிச்சம் இருந்தது. விவசாயிக்கு அது வசதி, படுக்கைக்கூடத்துப் பொறுப்பாளருக்குத் தலைவலி. குளிப்பதற்குத் தொட்டியில் ஐந்து அங்குலத் தண்ணீர்தான் என்று கோடு வரையப்பட்டிருந்தது.

படிப்பு பாதிக்கப்பட்டதா?

பாதிக்கப்பட்டது, ஆனால் நின்றுவிடவில்லை. இளம் ஆசிரியர்கள் படைக்குப் போனதும், ஓய்வுபெற்ற முதியவர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அதுவரை ஆண்களே கற்பித்த பள்ளிகளில் முதன்முறையாகப் பெண் ஆசிரியர்கள் வகுப்பெடுத்தார்கள். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஜெர்மானிய, ஆஸ்திரிய அறிஞர்கள் சில பள்ளிகளுக்குக் கிடைத்தது எதிர்பாராத நன்மை. தேர்வுகளும் தவறாமல் நடந்தன. 1944 ஜூனில் பறக்கும் குண்டுகள் வரத் தொடங்கியபோது தென்கிழக்கில் சில பள்ளிகள் தேர்வைப் பதுங்கறைகளிலேயே நடத்தின.

மொழி கற்றவர்களுக்கு ஒரு தனி வாய்ப்பு வந்தது. ஜப்பானுடன் போர் மூண்ட பிறகு, ஜப்பானிய மொழி அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே என்பதை அரசு உணர்ந்தது. நாட்டின் பள்ளிகளிலிருந்து மொழித்திறன் மிக்க 17, 18 வயது மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1942 முதல் டல்விச் கல்லூரியில் தங்கவைக்கப்பட்டு, லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைமொழிப் புலத்தில் ஜப்பானியம், சீனம், துருக்கி, பாரசீகம் ஆகியவற்றைக் கற்றார்கள். லத்தீனும் கிரேக்கமும் எதற்குப் பயன்படும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு பதில்.

18 வயதானதும் என்ன நடந்தது?

இந்தக் கேள்வியின் நிழல்தான் மற்ற எல்லாவற்றின் மீதும் விழுந்திருந்தது. வாரத்தில் ஒரு நாளாவது சீருடையில் அணிவகுப்புப் பயிற்சி இருந்தது. 1941ல் விமானப் பயிற்சி மாணவர் படை தொடங்கப்பட்டதும் பெரும்பாலோர் அதில் சேர முண்டியடித்தார்கள். 1940 மே 14 அன்று போர்த்துறை அமைச்சர் ஆண்டனி ஈடன் வானொலியில் விடுத்த அழைப்பால் உருவான உள்நாட்டுக் காவல் படையில் 17 வயதானவர்கள் சேரலாம். அங்கே ஆசிரியரும் மாணவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். பள்ளியை முடித்தவர்களில் சிலருக்கு ஆறு மாதப் பல்கலைக்கழகக் குறும்படிப்பு கிடைத்தது. பிறகு நேரே பயிற்சி முகாம்.

1943 டிசம்பரில் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் இன்னொரு சாத்தியத்தைச் சேர்த்தார். நிலக்கரிச் சுரங்கங்களில் ஆள் போதாததால், படைக்கு அழைக்கப்படும் இளைஞர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரைச் சுரங்கத்துக்கு அனுப்பக் குலுக்கல் முறை கொண்டுவரப்பட்டது. 0 முதல் 9 வரையிலான எண்களில் ஒன்று எடுக்கப்படும். பதிவு எண்ணின் கடைசி இலக்கம் அதுவானால் சுரங்கம். விமானியாகக் கனவு கண்டுகொண்டு அதற்குள் தேர்வாகாமலிருந்த பல விடுதிப் பள்ளி மாணவர்கள் இப்படி நிலத்தடிக்குப் போனார்கள். குலுக்கலில் தந்தையின் செல்வாக்குச் செல்லுபடியாகவில்லை என்பதை அக்காலத்தின் நியாயமான ஏற்பாடுகளில் ஒன்றாகவே சொல்லலாம்.

சிறுவர்கள் போரைச் சாகசமாகத்தான் பார்த்தார்களா?

13 வயதுக்காரன் பார்த்தான். 17 வயதுக்காரன் அவ்வளவாகப் பார்க்கவில்லை. சின்னவர்கள் விமான வகைகளை நிழலுருவிலேயே இனம் கண்டார்கள், குண்டுச் சிதறல்களைச் சேகரித்துப் பண்டமாற்றுச் செய்தார்கள். பெரியவர்களுக்கோ சிற்றாலயத்தில் வாசிக்கப்படும் பெயர்களின் வயது தெரியும். ஆனால் எல்லா வயதினருக்கும் பொதுவாக இருந்தது அச்சத்தைவிடப் பசி, குளிர், சலிப்பு ஆகியவையே. பிற்காலக் கதைகள் இந்தச் சலிப்பை விட்டுவிடுகின்றன.

போர் முடிந்த பின் பள்ளிகள் பழைய நிலைக்குத் திரும்பினவா?

இடம்பெயர்ந்தவை 1945லும் 1946லும் சொந்த வளாகங்களுக்குத் திரும்பின. கட்டடங்களைச் செப்பனிடப் பல ஆண்டுகள் பிடித்தன. இப்பள்ளிகளின் தனிச்சலுகை குறித்துப் போர்க்காலத்திலேயே கேள்வி எழுந்து, அரசு அமைத்த ஃபிளெமிங் குழு 1944ல் அறிக்கை தந்தது. இடங்களில் கால் பங்கை அரசுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அரசுச் செலவில் தரலாம் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. செலவை யார் ஏற்பது என்பதில் உள்ளாட்சி அமைப்புகள் தயங்கின, பள்ளிகளும் மாணவர் எண்ணிக்கை மீண்டும் கூடியதும் ஆர்வம் இழந்தன. பரிந்துரை பெரும்பாலும் தாளிலேயே நின்றது. பங்கீடு 1954 ஜூலை வரை தொடர்ந்தது. கட்டாயப் படைச்சேவைக்கான அழைப்பு 1960 வரை நீடித்தது. அதுவரை பள்ளியை விட்ட ஒவ்வோர் ஆண்டுத் தொகுதியினரிலும் உடல்தகுதி பெற்றவர்கள் சீருடை அணியச் சென்றார்கள்.